காகிதத்தில் வளர்ந்த இரண்டரை அங்குலம்

என் தங்கை மகளின் உயரம் 179 சென்டிமீட்டர். அடிக்கணக்கில் 5 அடி பத்தரை அங்குலம். அரசு மருத்துவமனையில் செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகால் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்து, நர்ஸ் அம்மா எழுதிக் கொடுத்த கணக்கு அது. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அனுப்புவதற்காக மதுரையில் ஒரு நிறுவனம் தயாரித்த விவரக் குறிப்பில் அதே பெண்ணின் உயரம் 6 அடி 1 அங்குலம். ஒரே மாதத்தில், சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லாமல், காகிதத்தில் மட்டும் இரண்டரை அங்குலம் வளர்ந்துவிட்டாள்.

அந்த நிறுவனத்தின் சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பள்ளியில் நன்றாகக் கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளுக்கு அமெரிக்கக் கல்லூரி அணிகளில் உதவித்தொகையோடு இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஆலோசனை நிறுவனம். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருகிறேன். அதில் ஒன்றரை அங்கே வேலை பார்க்கும் ஒரு கேமராக்காரத் தம்பிக்கு உரியது. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டு நான் அனுப்பிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. விஷயம் நுகர்வோர் குறைதீர் ஆணையம் வரை போனாலும் போகும். அதுவரை பெயர் விஷயத்தில் வாயைக் கட்டுவதே புத்தி. ஆனால் அவர்கள் விற்பதில் எது சரக்கு, எது வெறும் சாக்கு என்று சொல்வதில் தடையில்லை.

நான் தங்கச்சிமடத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறவன். எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ் போனது, யார் ரொக்கம், யார் கடன் என்பதுதான் என் உலகம். நாங்கள் விற்பது கண்ணெதிரே உருகுகிற சரக்கு. அதனாலேயே எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிற பழக்கம் வந்துவிட்டது. இந்த நிறுவனத்திடம் ஏமாந்ததற்கு அந்தப் பழக்கத்தை நான் வீட்டில் வைத்துவிட்டுப் போனதுதான் காரணம்.

தங்கை குடும்பம் பாம்பனில். மச்சான் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். மகளுக்குப் பள்ளியில் பட்டப்பெயர் பாய்மரம். ஏழாம் வகுப்பிலேயே டீச்சர்களை விட உயரமாக நின்றவளை, உடற்கல்வி ஆசிரியை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கூடைப்பந்துக் களத்தில் விட்டார். பத்தாம் வகுப்பில் மாவட்ட அணி. பிளஸ் ஒன்னில் ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கில் ஓர் ஆட்டத்தில் 31 புள்ளி எடுத்தாள். அந்த ஆட்டத்தின் இரண்டு நிமிட வீடியோவை யாரோ போனில் எடுத்துப் போட, மதுரையிலிருந்து அழைப்பு வந்தது. "உங்கள் பெண்ணுக்கு நூறு சதவீத ஸ்காலர்ஷிப் வாய்ப்பு இருக்கிறது சார்."

நானும் தங்கையும் பஸ் பிடித்துப் போனோம். மூன்றாவது மாடி, கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய அறை. மூன்று திட்டங்கள்: வெள்ளி 35,000, தங்கம் 65,000, வைரம் 1,20,000. தங்கை என் முகத்தைப் பார்த்தாள். நான் நகைக்கடைக்கு வந்தவன் மாதிரி நடுவில் இருந்ததைக் காட்டினேன். தங்கத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 11,700 ரூபாய், மொத்தம் 76,700. முதல் தவணை 30,000, இரண்டாவது 25,000, மூன்றாவது 21,700. இரண்டாவது தவணைக்கு அவர்கள் வைத்த கெடு ஏப்ரல் 30. எங்கள் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கட்டிக் கிடக்கும். கூலிக்குப் போகிறவர் வீட்டில் காசு புரளாது. தேதியை இரண்டு மாதம் தள்ளிவைக்கக் கேட்டேன். "சிஸ்டம் ஒத்துக்கொள்ளாது சார்" என்றார்கள். தங்கையின் இரண்டு வளையல் அடகுக்குப் போனது. அந்தச் சீட்டு இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.

வரவேற்பறைச் சுவரில் கூடைப்பந்து வீரர் சத்னம் சிங் பமாராவின் பெரிய படம். அமெரிக்கக் கல்லூரி வாசலைத் தொட்ட இந்தியர் என்கிற தோரணையில் கீழே இரண்டு வரி. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். பஞ்சாபில் பல்லோ கே என்ற கிராமத்துப் பையன். பதினான்கு வயதில், 2010-இல், ஃபுளோரிடாவில் உள்ள ஐ.எம்.ஜி. அகாடமி என்ற விளையாட்டுப் பயிற்சிப் பள்ளிக்குப் போனார். என்.பி.ஏ. என்பது அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். புதிய ஆட்களுக்கான அதன் தேர்வில் 2015-இல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி 52-ஆவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தது, என்.பி.ஏ. அணி தேர்ந்தெடுத்த முதல் இந்தியர் அவர். எல்லாம் பெருமைதான். ஆனால் அவர் கல்லூரிக்கு ஒரு நாள்கூட ஆடவில்லை. அகாடமியிலிருந்து நேராக என்.பி.ஏ. தேர்வுக்குப் போனவர். கல்லூரிச் சேர்க்கை விற்கும் கடையில் கல்லூரிக்கே ஆடாதவர் படம். பொருத்தமான ஆட்கள் இல்லாமலா? பஞ்சாபின் ஹர்சிம்ரன் கவுர் சான் டியேகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். பெங்களூரின் சஞ்சனா ரமேஷ் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்துக்குப் போனார். இருவரும் என்.பி.ஏ. நடத்தும் பயிற்சித் திட்டங்களில் கண்ணில் பட்டு மேலே வந்தவர்கள். ஒருவேளை அதனால்தான் அவர்கள் படம் சுவரில் இல்லையோ என்னவோ. "நீங்கள் அனுப்பியவர்களா?" என்று வாடிக்கையாளர் கேட்டுவிட்டால் என்ன சொல்வது?

இனி கேமராக்காரத் தம்பி. திட்டத்தில் "தொழில்முறை ஹைலைட் வீடியோ" உண்டு. அதற்காக ஏப்ரல் கடைசியில் அவன் வந்தான். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்து, இரண்டு வருடத்துக்கு மேல் நின்றிருந்த ரயில் மறுபடி தீவுக்குள் வரத் தொடங்கியிருந்த நேரம். பாலத்தைக் காட்டித்தான் வீடியோ ஆரம்பிக்க வேண்டும் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருக்கிறார். தம்பி கடமைக்கு ரோட்டுப் பாலத்தில் நின்று இருபது விநாடி எடுத்துவிட்டு நேரே களத்துக்கு வந்தான்.

அந்தக் களத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிமெண்ட் தளம். இடது பக்க ஓரத்தில் பூச்சு பெயர்ந்து உள்ளே இருக்கிற கம்பி தெரியும். உப்புக் காற்றில் கம்பி ஊதி, சிமெண்டை மேலே தள்ளிக்கொண்டே வருகிறது. இரும்பு வளையத்துக்கு எத்தனை தரம் பெயிண்ட் அடித்தாலும் மழைக்காலம் முடிந்தால் செதில் செதிலாக உரியும். கடையில் வாங்கிப் போட்ட வலை ஒரு வருடம் தாங்கவில்லை. இப்போது தொங்குவது என் அப்பா பின்னியது. எழுபத்து மூன்று வயதில், திண்ணையில் உட்கார்ந்து, வலை ஊசியில் நைலான் நூலைக் கோத்து, ஒரு சாயங்காலத்தில் முடித்தார். பேத்தியைப் பந்தோடு கூப்பிட்டு, பந்து சிக்காமல், அதே சமயம் விருட்டென்று விழுந்துவிடாமல் இறங்க வேண்டும் என்று கண்ணியின் அளவை மூன்று முறை மாற்றினார். நண்டு வலைக்கு மிஞ்சிய பச்சை நூல். பந்து அதில் விழும்போது கடைவலை மாதிரி சரக்கென்று சத்தம் வராது. பெருமூச்சு விட்டது போல ஒரு சின்ன ஓசை வரும்.

தம்பி வந்ததும் முதலில் அந்த வலையைத்தான் பார்த்தான். ஏணி கேட்டு ஏறி, கிட்டத்தில் படம் எடுத்தான். பிறகு இறங்கி என்னிடம், "இதை வீடியோவில் விடமாட்டார்கள் அண்ணே, எனக்காக எடுத்தேன்" என்றான். சொன்னபடியே ஆயிற்று. முடிந்து வந்த மூன்றரை நிமிட வீடியோவில் பாலம் இருந்தது, கடல் இருந்தது, காது கிழியும் பின்னணி இசை இருந்தது, பந்து கூடைக்குள் விழும் காட்சிகள் இருபத்தாறு இருந்தன. வலை மட்டும் எங்கும் முழுசாகத் தெரியாதபடி வெட்டியிருந்தார்கள். ஏழைக்களம் என்று தெரிந்துவிடுமாம்.

மே மாதம் ராமநாதபுரத்தில் இரண்டு ஆட்டங்களையும் அவனே வந்து முழுக்கப் படம் பிடித்தான். ஒப்பந்தத்தில் ஓர் ஆட்டம்தான். இரண்டாவதற்கு அவன் வந்தது சொந்தச் செலவில் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வெயிலில் நான்கு மணி நேரம் நின்றான். மோர் வாங்கிக் கொடுத்தேன், காசைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தான்.

அடுத்தது கடிதங்கள். "200 கல்லூரிகளுக்கு நேரடித் தொடர்பு" என்பது விளம்பரம். நடந்தது இது: ஒரே மின்னஞ்சல், 200 முகவரி. அனுப்பியதன் நகல் வேண்டும் என்று நான் விடாமல் கேட்டதில் ஒரு நாள் பட்டியலை அனுப்பிவிட்டார்கள். உட்கார்ந்து எண்ணினேன். 200-இல் 41 முகவரி ஆண்கள் அணியின் பயிற்சியாளர்களுடையது. அவர்களில் ஒருவர் மரியாதையாகப் பதில் எழுதியிருந்தார்: தான் ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளர் என்றும், கடிதத்தைப் பெண்கள் அணிப் பயிற்சியாளருக்கு அனுப்பிவைப்பதாகவும். அந்த நல்ல மனிதர் செய்த வேலைக்கு ஜி.எஸ்.டி. கட்டியது நாங்கள்.

அவருடையது போக ஒன்பது பதில் வந்தது. ஏழு பதில் இயந்திரம் அனுப்பியது: எங்கள் இணையதளத்தில் வீராங்கனைகளுக்கான கேள்விப் படிவத்தை நிரப்புங்கள் என்று. இந்தப் படிவம் பெரும்பாலான கல்லூரி அணிகளின் தளத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து கிடக்கிறது. பெயர், பிறந்த தேதி, உயரம், ஆடும் இடம், மதிப்பெண், வீடியோ இணைப்பு. பாய்மரமே ஒரு மாலையில் ஐந்து படிவம் நிரப்பினாள். ஆறாவதற்கு டேட்டா தீர்ந்துவிட்டது.

எட்டாவது பதிலை நிறுவனம் பெரிய வெற்றியாகக் கொண்டாடியது. கேக் படம் போட்டு வாழ்த்து அனுப்பினார்கள். தங்கை அழுதுவிட்டாள். நான்தான் ஆங்கிலத்தை மெதுவாகப் படித்தேன். எழுதியவர் ஒரு சிறிய கல்லூரியின் பெண்கள் அணிப் பயிற்சியாளர். ஆறே வரி. நேர்மையான ஆறு வரி. எங்கள் கல்லூரி மூன்றாம் பிரிவில் இருக்கிறது, விளையாட்டுக்கு உதவித்தொகை கிடையாது, படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி மட்டும் உண்டு என்று தொடங்கி மூன்று கேள்வி கேட்டிருந்தார். வெட்டாத முழு ஆட்டம் இரண்டின் வீடியோ இருக்கிறதா? காலணி இல்லாமல் உயரம் எவ்வளவு? ஒன்பதாம் வகுப்பிலிருந்து படித்த பாடங்கள் எவை?

இந்த மூன்று கேள்விக்கும் 55,000 ரூபாய் வாங்கிய இடத்தில் பதில் இல்லை. உண்மையில் இந்த மூன்றும்தான் எனக்கு முழு விஷயத்தையும் கற்றுக்கொடுத்தன. பாடம் நடத்தியவர் காசு வாங்கவில்லை.

அங்கே கல்லூரி விளையாட்டைப் பெரும்பாலும் ஆள்வது என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு. அதில் மூன்று பிரிவு. முதல் இரண்டு பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்காக உதவித்தொகை தரலாம். மூன்றாம் பிரிவில் அது இல்லை. முதல் பிரிவுக்குள்ளும் ஹார்வர்டு, யேல் மாதிரி ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டு உதவித்தொகை தருவதில்லை. முதல் பிரிவில் 350-க்கும் மேற்பட்ட பெண்கள் அணிகள். ஓர் அணிக்கு 15 பேர் என்றால் ஆயிரக்கணக்கில் இடம் இருக்கிறதே என்று அந்த மூன்றாம் மாடியில் ஒரு பலகையில் பெருக்கிக் காட்டினார்கள். பெருக்கல் சரி. ஆனால் அந்த 15 இடமும் ஒவ்வொரு வருடமும் காலியாவதில்லை. நான்கு வருடம் ஆடுகிறார்கள். வருடத்துக்கு மூன்றோ நான்கோ காலியாகும். அதிலும் இப்போது ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அனுபவசாலிகள் முந்திக்கொள்கிறார்கள். மிச்சத்துக்குத்தான் அந்த நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளும், உலகத்தின் மற்ற பிள்ளைகளும், எங்கள் பாய்மரமும்.

அதைவிட முக்கியம் பாடங்கள். முதல் பிரிவில் ஆட, ஒன்பதாம் வகுப்பு முதல் நான்கு வருடத்தில் 16 அடிப்படைப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும். அதில் கணிதம் மூன்று வருடம். இரண்டாம் பிரிவுக்கும் மொத்தம் 16-தான். ஆனால் கணிதம் இரண்டு வருடம் போதும். இது ரகசியமில்லை, அந்த அமைப்பே வெளியிடும் கையேட்டில் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு ஒன்பதும் பத்தும் சேர்ந்து இரண்டு வருடக் கணிதம். மூன்றாவது வருடம் பிளஸ் ஒன்னில் வர வேண்டும். பாய்மரம் எடுத்தது வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், கணினிப் பயன்பாடு. கணிதம் இல்லை. ஆக முதல் பிரிவு என்பது நாங்கள் அந்தப் படியேறிய நாளிலேயே கிட்டத்தட்ட மூடிய கதவு. கையேட்டைப் படித்து, கால்குலேட்டர்கூட இல்லாமல், விரல் விட்டு எண்ணி இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ராத்திரி ஆயிற்று. "பெண் என்ன குரூப் எடுத்திருக்கிறாள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். கேட்கவில்லை. எந்தத் திட்டம் வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள்.

குரூப் எடுத்தபோது நான்தான், "கணக்கு எழுதுகிற வேலைக்கு எப்போதும் சோறு உண்டு பாப்பா" என்று சொல்லி அதில் சேர்த்துவிட்டேன். அதையும் இங்கே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

உயரத்தைப் பற்றிப் போனில் கேட்டேன். "எல்லோரும் கூட்டித்தான் போடுவார்கள் சார், அங்கே அது சகஜம்" என்றார் ஒருவர். சகஜமோ என்னவோ. அந்தப் பயிற்சியாளர் காலணி இல்லாமல் என்று கேட்டதிலேயே தெரிகிறது, அவரும் இந்தச் சகஜத்தைப் பார்த்து அலுத்தவர் என்று. பாய்மரத்துக்கு இதில்தான் கோபம் வந்தது. பணம் போனதற்குக்கூட அவள் ஒன்றும் சொல்லவில்லை. "நான் நிற்கும்போது பொய் தெரிந்துவிடுமே மாமா" என்றாள். பதில் கடிதத்தை அவளே எழுதினாள். முதல் வரியில் 179 சென்டிமீட்டர். வீடியோவில் பாலத்தை நீக்கிவிடலாமா என்று கேட்டாள். நீக்கினோம்.

ஒன்பதாவது பதில் ஒரு ஜூனியர் காலேஜிலிருந்து. இரண்டு வருடப் படிப்பு, அதன் பிறகு பெரிய கல்லூரிக்கு மாறலாம். நல்ல வழிதான் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் எந்தக் கல்லூரியானாலும் மாணவர் விசாவுக்கு முன், உதவித்தொகை போக மீதிச் செலவுக்கு முதல் வருடப் பணம் கையில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். மச்சானின் வங்கிப் புத்தகத்தில் கடைசியாக வரவு வைத்தது தடைக்கால நிவாரணம்.

இத்தனைக்கும் மேலே ஒப்பந்தம். ஆங்கிலத்தில் பதினொரு பக்கம். கையெழுத்துப் போடும்போது நான் படித்தது தொகை எழுதிய பக்கத்தை மட்டும். பிறகு முழுசும் படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பத்தி: உதவித்தொகை கிடைத்தால் முதல் வருடத் தொகையில் 10 சதவீதம் "வெற்றிக் கட்டணம்". என்.சி.ஏ.ஏ. விதிப்படி, ஒரு பிள்ளையை உதவித்தொகையோடு கல்லூரியில் சேர்த்துவிடுவதற்கென்று கூலி வாங்குகிறவர் ஏஜெண்ட் ஆகிவிடுகிறார். ஏஜெண்ட் வைத்த பிள்ளைக்கு ஆடும் தகுதியே சிக்கலாகும். விவரம் தொகுத்துக் கல்லூரிகளுக்கு அனுப்பும் சேவைக்கு நிலையான கட்டணம் வாங்கலாம். இடம் கிடைப்பதோடு கட்டணத்தை முடிச்சுப் போடக்கூடாது. அதாவது இந்த நிறுவனம் தன் வேலையில் ஜெயித்தால், அதே காகிதம் பெண்ணின் ஆட்டத்துக்கு வினையாக நிற்கும். தோற்றால் 76,700 ரூபாய் அவர்களுக்கு. படகுக்கு ஐஸ் ஏற்றும் எங்கள் ஆட்கள் இதைவிட நல்ல பேரம் பேசுவார்கள்.

இதைப் படித்த மறுநாள் மூன்றாவது தவணையை நிறுத்தினேன். கடிதம் எழுதும் முன் 55,000-ஐப் போனில் திருப்பிக் கேட்டேன். "பத்தாயிரத்துக்கு வேறு சேவை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். வேறு சேவை என்றால் என்ன என்று கேட்டதற்கு, தம்பிக்கோ தங்கைக்கோ கிரிக்கெட் விவரக் குறிப்பு செய்து தருவார்களாம்.

குறையை மட்டும் சொல்லக்கூடாது. வாரம் ஒரு நாள் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி என்று ஓர் அம்மாள் போனில் வந்தார். மீதி அரை நட்சத்திரம் அவருக்கு. பயிற்சியாளரிடம் எப்படிப் பேசுவது என்று மனப்பாடம் செய்ய வைக்காமல், "இன்று என்ன மீன் வாங்கினீர்கள், எப்படிக் குழம்பு வைத்தீர்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டுக் கேட்டே பிள்ளையின் கூச்சத்தைப் போக்கினார். எட்டு வாரம் முடிந்ததும் அவரும் அங்கிருந்து நின்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

யாராவது இப்படி ஒரு இடத்துக்குப் போகத்தான் போகிறீர்கள் என்றால், பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைக் கையில் எடுத்துப் போங்கள். அதை அவர்கள் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். கேட்காவிட்டால் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் இறங்கிவிடுங்கள். கட்டணத்தில் சதவீதம் என்ற சொல் வந்தாலும் அப்படியே. வீடியோவுக்கு உள்ளூரில் கல்யாணம் எடுக்கிற பையன் போதும்: களத்தின் நடுக்கோட்டுக்கு நேராக உயரமான இடத்தில் நின்று, சட்டை எண் தெரிகிற மாதிரி, முழு ஆட்டத்தையும் நிறுத்தாமல் எடுக்கச் சொல்லுங்கள். பாட்டு வேண்டாம். பாலம் வேண்டவே வேண்டாம்.

அந்த முழு ஆட்ட வீடியோக்களைக் கேட்டபோது நிறுவனம், "மூலப்பதிவு திட்டத்தில் இல்லை, 3,000 ரூபாய் தனி" என்றது. ஒரு வாரம் கழித்து கேமராக்காரத் தம்பி போன் செய்தான். ராமநாதபுரத்துக்கு ஒரு கல்யாண வேலையாக வருகிறானாம். பஸ் நிலையத்தில் டீக்கடை வாசலில் நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துக் கொடுத்தான். இரண்டு ஆட்டமும் முழுசாக. கூடவே ஒரு படம்: பச்சை வலை, கீழிருந்து, வானம் தெரிய. அப்பா அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டச் சொல்லியிருக்கிறார்.

அமெரிக்கா இப்போதைக்கு இல்லை என்று வீட்டில் பேசி முடித்திருந்தோம். டிசம்பரில் உடற்கல்வி ஆசிரியை சொல்லி, சென்னையில் ஒரு மகளிர் கல்லூரியின் பயிற்சியாளர் பாம்பனுக்கு வந்தார். ரயில்வே அணிக்கு ஆடியவராம். ராமேசுவரத்தில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு, தலை ஈரம் காயாமல், குடும்பத்தைக் காரிலேயே உட்காரவைத்துவிட்டு வந்தார். முதலில் பிறப்புச் சான்றிதழைக் கேட்டார். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். பிறகு பிள்ளையின் இரண்டு உள்ளங்கையையும் விரித்துத் தன் கையோடு வைத்துப் பார்த்தார்.

வீடியோவை என் லேப்டாப்பில் போட்டோம். கூடையில் பந்து விழும் இடங்களையெல்லாம் அவர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். தங்கைக்கு முகம் வாடிவிட்டது. நல்லதையெல்லாம் பார்க்காமல் போகிறாரே என்று. பாய்மரம் பந்தைப் பறிகொடுத்த இடம் ஒன்று வந்தது. நிறுத்தினார். திரும்பவும் போட்டார். பறிகொடுத்ததும் அவள் திரும்பி எத்தனை எட்டில் தன் வளையத்துக்கு அடியில் வந்து நிற்கிறாள் என்று உதட்டுக்குள் எண்ணினார். இப்படி நாலைந்து இடம். கடைசியில் லேப்டாப்பை மூடிவிட்டு, "இடது கை தூங்குகிறது, ஏன்?" என்று கேட்டார்.

பாய்மரம் பதில் சொல்லவில்லை. எழுந்து அவரைக் களத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாடைக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. இடது ஓரத்தில் பெயர்ந்த சிமெண்டையும் துருப்பிடித்த கம்பியையும் காட்டினாள். அந்தப் பக்கம் போனால் கால் கிழியும் என்று பிள்ளைகள் எல்லோரும் ஆறு வருடமாக வலது பக்கமே ஆடிப் பழகியிருக்கிறார்கள். அத்தனை நாளும் அதே களத்தைச் சுற்றி நின்ற எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த அம்மாள் கம்பியைக் காலால் தொட்டுப் பார்த்தார். "ஆறு மாதத்தில் சரி செய்யலாம்" என்றார். அவர் சொன்னது களத்தையா கையையா என்று எனக்குத் தெரியவில்லை; கையைத்தான் என்று உடற்கல்வி ஆசிரியை சொன்னார்.

கட்டணமும் விடுதியும் சாப்பாடும் கல்லூரி பொறுப்பு, பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும், மே மாதம் சென்னையில் தேர்வு ஆட்டத்துக்கு வர வேண்டும், அதற்கு முன் எந்த வாக்கும் கிடையாது. இவ்வளவுதான் சொன்னார். காகிதம் எதிலும் கையெழுத்துக் கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் கைப்பையிலிருந்து தையல்காரர் டேப் ஒன்றை எடுத்தார். பாய்மரம் கேட்காமலே செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவு நிலையோடு ஒட்டி நின்றாள். 179. அந்த அம்மாள் குறித்துக்கொண்டு, டேப்பைச் சுருட்டாமல், அடுப்படி வாசலில் நின்ற என் தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மாவும் வந்து நில்லுங்கள். பெண் இன்னும் வளர்வாளா என்று பார்க்க வேண்டும்."

தங்கை கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நிமிர்ந்து நில் அம்மா" என்றாள் மகள்.

169 சென்டிமீட்டர். நாற்பத்தொரு வயது வரை அவளை யாரும் அளந்ததில்லை.